சூடம் அணைத்த கை

ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் சமுத்திரத்துக்கு அறுந்த இழையை எடுத்து ஒட்டுகிற வேலை. இரண்டு விரலால் தொட்ட மாத்திரத்தில் இழை ஒட்டிக்கொள்ள வேண்டும். விரலில் உணர்வு இருக்கும்வரைதான் அந்த வேலை.

1986 ஆடியில் ஒரு காலை, ஷிப்டு முடிந்து சைக்கிளில் திரும்பியவரைத் தெருமுனையில் மறித்துப் போலீஸ்காரர்கள் கூட்டிக்கொண்டு போனார்கள். பஞ்சு வியாபாரி ஒருவர் வீட்டில் இரட்டைவடச் சங்கிலி காணாமல் போயிருந்தது. அந்த வீட்டு வாசல் வழியாகத்தான் சமுத்திரம் தினமும் மில்லுக்குப் போய்வருவார். அவரைச் சந்தேகப்பட அதற்கு மேல் ஒரு காரணமும் கிடையாது.

ஒரு வாரம் வைத்திருந்தார்கள். வலது மணிக்கட்டை ஜன்னல் கம்பியோடு கயிற்றால் இறுக்கிக் கட்டி, கால் விரல்கள் மட்டும் தரையில் படும்படி நிறுத்தினார்கள். எந்தப் பதிவிலும் அவர் பெயர் ஏறவில்லை. எந்த நீதிபதி முன்பும் அவரை நிறுத்தவில்லை. மனைவி வெள்ளத்தாய் தூக்குச்சட்டியில் சோற்றோடு வந்து, ஸ்டேஷனுக்கு எதிரே ஐயாதுரையின் டீக்கடையில் உட்கார்ந்திருப்பார். உள்ளே டீ கொண்டுபோய்த் திரும்பும் ஐயாதுரைதான் ஆள் உயிரோடு இருப்பதை வந்து சொல்வார்.

பிறகு தென்காசியில் வேறொருவன் சங்கிலியோடு பிடிபட்டான். சப்-இன்ஸ்பெக்டர் கட்டை அவிழ்க்கச் சொல்லிவிட்டு, "போய் வேலையப் பாருலே" என்றார்.

வேலையைத்தான் பார்க்க முடியவில்லை. வலது கை விரல்கள் மடங்கி நின்றன. இழையைத் தொட்டோமா இல்லையா என்பதே தெரியவில்லை. மில்லில் ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் வக்கீல் சங்கரலிங்கம் காசு வாங்காமல் வழக்குப் போட்டார். மில் சக்கரத்தில் கை போனால் நஷ்டஈடு உண்டு, சர்க்கார் பஸ் மோதிக் கால் போனால் உண்டு, சர்க்காரின் கயிறு கட்டிக் கை போனால் மட்டும் ஏன் இல்லை என்பது அவர் கேள்வி. போலீஸ் தரப்பின் பதில் சுருக்கமாக இருந்தது. அப்படி ஒரு ஆளை நாங்கள் ஸ்டேஷனுக்குக் கொண்டுவரவே இல்லை.

கட்டப்பட்டு நின்றதைக் கண்ணால் பார்த்த வெளியாள் ஐயாதுரை ஒருவர்தான். அவர் சொன்னால் வழக்கு நிற்கும், இல்லாவிட்டால் விழும். அதற்குள், பிடிபட்டவனுக்குச் சமுத்திரம் கூட்டாளி என்றும் பணம் கொடுத்துத் தப்பித்துக்கொண்டார் என்றும் ஊரில் ஒரு பேச்சைக் கிளப்பிவிட்டிருந்தார்கள். ஐயாதுரை தயங்கினார்.

"உனக்காகப் போலீசப் பகைச்சுக்கிடுதேன். ஆனா நீ சுத்தமான ஆளுன்னு எனக்குத் தெரியணும்லா? ஆத்தா முன்னால சூடத்த அணைச்சு சத்தியம் பண்ணிரு. பொறவு கோர்ட்ல வந்து நிக்கேன்."

எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்தால் யோக்கியனைச் சுடாது, பொய்யனைச் சுடும் என்பது ஊர் நம்பிக்கை. சங்கரலிங்கம் இதைக் கேட்டுக் கத்தினார். இதைவிட முட்டாள்தனம் உலகத்தில் இல்லை என்று மேஜையைத் தட்டினார். சமுத்திரத்துக்கோ சந்தோஷம். தப்புச் செய்யாதவனுக்கு இதைவிடச் சுலபமான சோதனை எது?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் காளியம்மன் கோயில் முன்னால் தெருவே கூடியது. கல்லில் சூடம் எரிந்தது. சாதாரணமாக அணைக்கிறவர்கள் அடித்த வேகத்தில் கையை எடுத்துவிடுவார்கள். சூடு ஏறும் முன்பே கை தானாக விலகிவிடும். அதிசயம் அவ்வளவுதான். சத்தியம் வலது கையால்தான்; சமுத்திரத்தின் அந்தக் கைக்குச் சூடு தெரியவில்லை. மடங்கிய விரல்கள் கல்லோடு படியவும் இல்லை. கையை வைத்தபடியே, அந்தச் சங்கிலிக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். விரலிடுக்கில் தீ எரிந்துகொண்டிருந்தது. பூசாரிதான் பிடித்து இழுத்தார். உள்ளங்கைத் தோல் வெந்து வெளுத்திருந்தது.

ஐயாதுரை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

வலிக்கவில்லையா என்று வெள்ளத்தாய் வீட்டில் கேட்டார்.

"இல்லட்டி. ஒண்ணுமே தெரியல."

ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்ட டாக்டர் ஊசியால் குத்திப் பார்த்தார். மணிக்கட்டு வரை உணர்வில்லை. எதையோ வைத்து இறுக்கிக் கட்டியதில் நரம்பு செத்திருக்கிறது, வேண்டுமானால் எழுதித் தருகிறேன் என்றார். சங்கரலிங்கம் ஓடி வந்தார். இனி ஐயாதுரையின் சாட்சி தேவையில்லை, இந்தக் கையே சாட்சி என்றார். சமுத்திரம் தலை நிமிரவில்லை.

"ஆத்தாகிட்ட தோத்தவன் ஜட்ஜுகிட்ட ஜெயிச்சு என்னத்துக்குய்யா? போன சென்மத்துல யார் வீட்டுலயாவது எடுத்திருப்பேன் போல."

வக்கீல் திட்டிவிட்டுப் போனார். வாய்தாவுக்கு ஆள் வராததால் வழக்குத் தள்ளுபடியானது. சப்-இன்ஸ்பெக்டர் பதவி உயர்ந்து வேறு ஊருக்குப் போனார். சமுத்திரம் மலையடிவாரத்தில் ஒரு மாந்தோப்புக்குக் காவலுக்குப் போனார். வெள்ளத்தாய் பேண்டேஜ் துணி மடிக்கிற வேலைக்குப் போனார். மகள் செல்லக்கனியைப் பெண் பார்க்க வந்தவர்கள் தெருமுனையில் விசாரித்துவிட்டு அப்படியே திரும்பினார்கள். கடைசியில் ஆலங்குளத்தில், பெண்டாட்டியை இழந்து இரண்டு பிள்ளைகளோடு இருந்த ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள்.

போலீஸ் செய்த கொடுமைக்கு அரசு பணம் கொடுக்க வேண்டும் என்று நீதிமன்றங்கள் சொல்லத் தொடங்கிய காலம் வந்தது. 1995இல் சங்கரலிங்கம் மறுபடி அவர்கள் வீட்டுக்கு வந்தார். காலம் கடந்துவிட்டது, ஆனாலும் மேல்கோர்ட்டில் கேட்டுப் பார்க்கலாம் என்றார். சமுத்திரம் பழைய பதிலையே சொன்னார். வக்கீல் இந்த முறை கத்தவில்லை. வெள்ளத்தாயிடம் சூடம் கேட்டு வாங்கி, வாசற்படியில் ஏற்றினார்.

"அந்தச் சங்கிலிய எடுத்தது நான்தான். இது சத்தியம்."

படீரென்று அணைத்துக் கையை விரித்துக் காட்டினார். கரிகூட ஒட்டவில்லை.

சமுத்திரம் அந்தக் கையை வெகுநேரம் பார்த்தார். "இத அன்னைக்கே காட்டியிருக்கக் கூடாதாய்யா? அன்னைக்கு ஏசத்தான செஞ்சிய."



வெள்ளத்தாய் இன்னொரு சூடத்தை எடுத்துவைத்துத் தானே ஏற்றினார். "எம் புருசன் களவாணி" என்று சொல்லி அடித்து அணைத்தார். கையைத் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டார்.

சமுத்திரத்துக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது.

"ஏட்டி, நீயும் என்னைய அப்படித்தான் நெனச்சியா?"

இத்தனை வருஷமும் சோறு போட்டு, அந்தக் கைக்கு எண்ணெய் தேய்த்துவிட்ட வெள்ளத்தாய், அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்து அழுதுகொண்டிருந்தார்.