மாமனாரும் வெட்டிய பவளமும்

சாரம் பகுதியில் உள்ள எங்கள் வீட்டு உப்புநீர் மீன்தொட்டியில் நான் வளர்த்த பவளம் கண்ணாடியை முட்டுமளவுக்கு வளர்ந்துவிட்டது. அதைப் பிளேடால் துண்டுகளாக்கி, சிறு கற்களில் பசைபோட்டு ஒட்டினேன். பூப்போல விரிந்திருந்த அதன் வாய்கள் எல்லாம் உடனே இறுக மூடிக்கொண்டன. காயம் ஆறட்டும் என்று, வெளிச்சமும் நீரோட்டமும் குறைந்த மூலையில் வைத்தேன்.

அப்போது எங்களுடன் தங்கியிருந்த மாமனார், கடலில் மீன் பிடித்து ஓய்ந்தவர்.

"எங்க வலையெல்லாம் கிழிச்ச கல்லுக்கா வைத்தியம் பாக்குறீங்க மாப்ளே?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.

மறுநாள் நான் ஆபீசில் இருந்தபோது ஊர் முழுக்கக் கரண்ட் போனது. தொட்டித் தண்ணீரில் காற்றைக் கலக்கும் மோட்டார் நின்றிருக்குமே என்று பதறி வீட்டுக்கு ஓடிவந்தேன். மாமனார் தொட்டியருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து, பிளாஸ்டிக் மக்கால் அதே தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார். சட்டை முழுக்க நனைந்திருந்தது.

"மீனுக்காவத்தான் ஊத்துறேன். கல்லுக்கு இல்ல," என்றார்.

சில நாள் கழித்து, பல் துலக்கிக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டார்.

"மாப்ளே, ஓரத்துல ஒண்ணு விரிஞ்சிருக்கு. சத்தம் போடாம வாங்க."

பவளத்துக்குக் காது கிடையாது. ஆனாலும் மெதுவாகவே நடந்து போனேன்.