கொம்பில்லாத பேருந்தில் புருல்சா

பிஷ்கெக் நகரத்தில் டிராலிபஸ்கள் நின்றுபோன செய்தி, இருபத்தாறு வருடம் அதை ஓட்டிய புருல்சாவுக்குத் தெரியும். அவள் வலது காலுக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

தெருவுக்கு மேலே ஓடிய மின்கம்பிகளைச் சுருட்டிக்கொண்டு போய் நான்கு மாதம் ஆகிவிட்டது. அவளுக்குப் பேட்டரியில் ஓடும் புதுப் பேருந்து கொடுத்தார்கள். கம்பியைத் தொட்டு மின்சாரம் எடுக்கும் கொம்பு கூரையில் இல்லை. எந்தப் பக்கமும் திரும்பலாம். ஆனாலும், கம்பிகள் குறுக்கே சந்தித்ததால் அந்தக் காலத்தில் மிதியை விட்டுக் கடக்க வேண்டியிருந்த சந்தி வந்தால் அவள் கால் ஆக்ஸிலரேட்டரை விட்டுத் தானாக எழும்பும். பயணிகள் முன்னால் சாய்ந்து, பின்னால் விழுந்து, அவளுடைய பரம்பரையை நினைவுகூர்வார்கள்.

மாவுமில் முக்கு இன்னும் மோசம். அங்கே சாலைக்குக் குறுக்கே ஒரு வாய்க்கால் மூடி இருக்கிறது; அதில் ஏறினால் வண்டி தூக்கிப்போடும். அந்தக் காலத்தில் தூக்கிப்போட்டால் கொம்பு கம்பியிலிருந்து கழன்றுகொள்ளும். உடனே பிரேக், கதவு, கையுறை, இறங்கிப் பின்பக்கம் ஓட்டம், தொங்கும் கயிற்றைப் பிடித்து இழுத்துக் கொம்பை மாட்டுதல். இதை ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை செய்தவள் அவள். புதுப் பேருந்திலும் இரண்டு முறை செய்துவிட்டாள். நடுச்சாலையில் வண்டியை நிறுத்தி, பின்னால் ஓடி, இல்லாத கயிற்றுக்குக் கையை நீட்டி, வெறும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னக்கா, மழை வருமா?" என்று ஜன்னல் வழியே ஒருவன் கேட்டான்.

இரண்டுக்கும் எழுத்தில் எச்சரிக்கை வந்தது. மூன்றாவது தவறுக்கு ஓட்டுநர் இருக்கை போய், பணிமனையில் வண்டி கழுவும் வேலை. அதைச் சொன்னவர் மேற்பார்வையாளர் மெதெர்பேக். அவரும் பழைய டிராலிபஸ் ஓட்டுநர்தான்.

"ஆபீஸ் நாற்காலில உக்காந்த ஒரே வாரத்துல நான் எல்லாத்தையும் மறந்துட்டேன் புருல்சா. மனசுல உறுதி வேணும். வியாழக்கிழமை நானே உன் வண்டில பரீட்சை பாக்க வர்றேன்."

மன உறுதியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதைச் சோதித்துப் பார்க்க நேராதவர்கள்.

தினமும் அவள் வண்டியில் வரும் சைகால், பக்கவாதம் வந்தவர்களுக்கு மறுபடி நடக்கப் பழக்குகிறவள். கடைசி நிறுத்தத்தில் மற்றவர்கள் இறங்கியதும் அவளிடம் புருல்சா புலம்பினாள்.

"எனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சாடி?"

"இல்லக்கா. தலைக்குள்ள ஒரு நரம்பு பக்கத்து நரம்போட பேசப் பேச, அந்த வழி தடிச்சிக்கிட்டே போகும். மலையில ஆட்டுத்தடம் இருக்குல்ல? பனி மூடினாலும் ஆடு அதுலதான போகும்."

"அப்ப என் மண்டைக்குள்ள ஆட்டுக்கூட்டமா ஓடுது?"

"இருபத்தாறு வருஷத்து ஆடு. தடத்தை அழிக்க முடியாது. பாதி வழியில வேற பக்கம் திருப்பி விடலாம். கையுறைய எங்க வைப்பீங்க?"

"வலது பக்கத்துல, இந்தப் பள்ளத்துல."

"அதை எடுத்துட்டு அங்க குருத் டப்பாவை வைங்க. கை கையுறையத் தேடும், காஞ்ச தயிர் உருண்டை ஆப்டும். வாயில போடுங்க. அந்த உப்பும் புளிப்பும் செத்தவனையே எழுப்பிரும்."

அன்று முதல் வீட்டில் பயிற்சி. புருல்சா முக்காலியில் உட்கார்ந்தாள். கணவன் எசென் பின்னாலிருந்து "மாவுமில்!" என்று கத்தி முக்காலியை உலுக்கினான். அவள் கம்பளத்தை மிதித்து, காற்றில் பொத்தானை அழுத்தி, டப்பாவில் கைவிட்டாள். காய்ந்த தயிர் உருண்டை ஒன்றுகூட இல்லை.

"எங்கய்யா குருத்?"

"நீ பிரேக் போட்டப்பல்லாம் பயத்துல ஒண்ணு தின்னேன்."

"உனக்கும் ஒரு தடம் தடிச்சிருச்சு. வயித்துக்குப் போற தடம்."

புதன்கிழமைக்குள் முக்காலிப் பயிற்சியில் அவளுக்குப் பாதி வெற்றி. நாற்சந்திகளில் கால் எழும்பவில்லை. மாவுமில் முக்கில் மட்டும் பிரேக்கும் கதவும் முந்திக்கொண்டன. குருத் அதற்குப் பிறகுதான் வாய்க்குப் போனது. நாம் தீர்மானித்துச் செய்ததாக நம்பும் காரியங்களில் பாதி, நாம் வந்து சேருவதற்கு முன்பே முடிந்துவிடுகின்றன. நாளை நிஜ வண்டியில், நிறுத்தமில்லாத இடத்தில் நின்று கதவைத் திறந்தாலே தவறுதான். மூன்றாவது தவறு.

வியாழக்கிழமை மெதெர்பேக் வெள்ளைக் கல்பாக் தொப்பியும் அட்டையில் செருகிய தாளுமாக முன்கதவை ஒட்டிய இருக்கையில் உட்கார்ந்தார். சைகால் அவருக்கு நேர் பின்னால். ஒவ்வொரு சந்தியிலும் புருல்சாவின் கன்னத்தில் ஒரு உருண்டை ஏறியது.

"என்ன அது, வாய் ஓயாம?" என்றார் மெதெர்பேக்.

"மருந்துண்ணே."

மாவுமில் முக்கு வந்தது. வண்டி தூக்கிப்போட்டது. கால் பிரேக்கை மிதித்தது. விரல் கதவுப் பொத்தானை அழுத்தியது. கை பள்ளத்துக்குள் போய், குருத்தை எடுத்து, வாயில் போட்டது. புளிப்பு மூளையில் அறைந்தது. புருல்சா இருக்கையிலேயே இருந்தாள். முன்கதவு 'ஆ'வென்று திறந்திருந்தது. போச்சு, கழுவுமிடம்தான் என்று நினைத்துக் கண்ணை மூடினாள்.

"கொம்பு கழண்டுருச்சு!"

கத்தியது அவள் இல்லை. கண்ணைத் திறந்தபோது மெதெர்பேக்கின் இருக்கை காலி. பக்கக் கண்ணாடியில் பார்த்தாள். பேருந்து மேற்பார்வையாளர், அட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பேருந்தின் பின்புறம் நின்று, இரண்டு கையையும் தூக்கிக் காற்றில் கயிற்றைத் துழாவிக்கொண்டிருந்தார்.

ஜன்னல் வழியே அதே பழைய குரல்:

"அண்ணே, மழை வருமா?"

சிரிப்பு அடங்க ஒரு நிமிடம் ஆனது. மெதெர்பேக் தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஏறி உட்கார்ந்தார். காது மட்டும் சிவந்திருந்தது. புருல்சா டப்பாவை அவர் பக்கம் நீட்டினாள். அவர் ஒன்றை எடுத்து வாயில் போட்டு முகத்தைச் சுளித்தார்.

"எத்தனை வருஷம் ஓட்டினீங்கண்ணே?"

"பத்தொம்பது."

"ஆடு கொஞ்சம் இளசுதான்," என்றாள் சைகால் பின்னாலிருந்து.

அவருக்குப் புரியவில்லை, கேட்கவும் இல்லை. தாளை எடுத்து, மாவுமில் முக்குக்கு நேரே நெடுநேரம் யோசித்து எழுதினார்: "பயணி ஒருவர் அவசரமாக இறங்க விரும்பியதால் வண்டி நின்றது. ஓட்டுநர் இருக்கையை விட்டு எழவில்லை. தேர்ச்சி."

கையெழுத்துப் போட்டுவிட்டு, டப்பாவில் இன்னும் எத்தனை இருக்கிறது என்று எட்டிப் பார்த்தார். அந்த வழியில் இன்னும் மூன்று சந்திகள் பாக்கி இருந்தன.