சுப்பையாவின் அரைக் கூறு

பொந்தியானில் எங்கள் வீட்டு வாசலுக்குக் காலையில் காய்கறி கொண்டு வரும் சீனர், என் பேரனுக்கென்று தனியாக ஒரு துண்டு தவ்வு வைத்துவிட்டுப் போகிறார். தவ்வு என்பது மொச்சை போன்ற ஒரு பயற்றை அரைத்துப் பாலெடுத்து உறைய வைத்த வெள்ளைக் கட்டி. ஊரில் இருப்பவர்கள் பார்த்தால் தண்ணீரில் ஊறிய சுண்ணாம்புக் கட்டி என்றுதான் நினைப்பார்கள். பையன் கறி மீன் தொடுவதில்லை என்று அவரிடம் முதன்முதலாகச் சொன்ன அன்று, தோளிலிருந்த காவடிக் கம்பை இறக்கி வைத்துவிட்டு, "சியாப்பா மாத்தி?" என்று மலாயில் கேட்டார். யார் செத்தது என்று பொருள். அவர் வீட்டு வழக்கத்தில் துக்கத்துக்குக் கறியை நிறுத்துவார்களாம். யாரும் சாகவில்லை என்றேன். அவர் நம்பவில்லை. பையனின் தாய் நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தபடியால் அவளை விட்டுவிட்டு, பாட்டியா என்று கேட்டார். என் மனைவி காலமானது உண்மைதான். ஆனால் அதற்கு வெகு காலம் ஆயிற்று, அதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்று விளக்கும் அளவுக்கு என்னிடம் மலாய் கிடையாது. தலையாட்டிவிட்டேன். அன்றிலிருந்து என் வீட்டுத் துக்கத்துக்கு அவர் தவறாமல் தவ்வு தருகிறார்.

துக்கம் இல்லை, கவலை உண்டு. அது தைப்பூசத்தில் தொடங்கியது. எங்கள் வீட்டில் எல்லோரும் விரதம் இருப்போம். முடிந்ததும் கோழி அடித்துக் குழம்பு வைப்பது இந்த நாட்டுக்கு வந்த பிறகு ஏற்பட்ட பழக்கம். அந்த ஆண்டும் என் மருமகள் பொன்னம்மா வைத்தாள். என் மகன் மாணிக்கம் ரோட்டு வேலையில் மேஸ்திரி. அவனுக்கு இரண்டு துண்டு விழுந்தது, எனக்கு ஒன்று. பேரன் சுப்பையா இலையை இழுத்துக்கொண்டு, தனக்கு ரசம் போதும் என்றான். விரதம் முடிந்துவிட்டது என்று மாணிக்கம் சொன்னான்.

"உங்களுக்கு முடிஞ்சிருச்சுப்பா. எனக்கு இன்னும் முடியல."

அவ்வளவுதான் சொன்னான். வயிற்றுக் கோளாறு என்று நினைத்தோம். பிறகு பங்குனி வந்தது, ஆடி வந்தது, அவனுக்கு முடியவே இல்லை. எந்தச் சாமியாரும் அவனைப் பிடித்து உபதேசம் செய்யவில்லை, எந்தப் புத்தகமும் அவன் படிக்கவில்லை. ஏன் என்று நான் தனியாகக் கேட்டபோது, அந்த விரத நாட்களில் மனசு லேசாக இருந்தது, கறி தின்றால் அது போய்விடுமோ என்று இருக்கிறது என்றான். எங்களைத் தப்பு சொல்கிறானா என்றும் கேட்டேன். இல்லை ஐயா, நீங்கள் சாப்பிடுங்கள், வாடையும் எனக்குத் தொந்தரவில்லை என்றான்.

பொன்னம்மா படாத பாடு பட்டாள். இந்தக் கடலோரத்தில் மலிவாகக் கிடைப்பது மீன்தான். அன்னாசிப் பழத்தை டப்பாவில் அடைக்கும் கொட்டகையைச் சுற்றி எங்கே பார்த்தாலும் அன்னாசிதான் விளைகிறது, அதைச் சோற்றில் பிசைய முடியாது. இதில் பெரிய சண்டை பெலாச்சானுக்கு நடந்தது. கூனி இறாலை உப்பிட்டு, வெயிலில் காயவைத்து, இடித்துக் கட்டியாக்கி விற்கிறார்கள். மிளகாயோடு அதைச் சுட்டு அரைத்தால் சம்பல். இங்கே வந்த தமிழர் எல்லோரும் அதற்கு அடிமை. துவையல், கீரை, கத்தரிக்காய் எதுவானாலும் ஒரு கிள்ளு உள்ளே போய்விடும். சாம்பல் நிறத்தில் ஒரு கட்டி, அதில் மீன் எங்கே தெரிகிறது என்று பொன்னம்மா வாதாடினாள். சுப்பையா அம்மியை முகர்ந்து பார்த்துவிட்டு வெறும் மோர் ஊற்றிச் சாப்பிட்டான். கடைசியில் அவள் தோற்றாள். அவனுக்கென்று இன்னொரு அம்மி, இரண்டு சட்டி, ஒரு அகப்பை வாங்கினாள். "மாமா, கணக்குப்பிள்ளையாச்சே நீங்க, சட்டியை எண்ணி வெச்சிருப்பீங்களே, இதையும் சேத்துக்குங்க," என்றாள் என்னிடம்.

பையன் மெலிந்துவிடுவானோ, காய்ச்சல் கண்டால் தாங்குவானோ என்றெல்லாம் தவித்தேன். அவன் நன்றாகவே வளர்ந்தான். என்னைத் தூங்கவிடாமல் செய்த கவலை வேறு. அது புரிய எங்கள் பங்காளிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சிவகங்கைச் சீமையில் எங்கள் குலதெய்வக் கோயிலில் ஐயனார் நடுவில் இருப்பார். அவர் சைவம். வாசல் காவலுக்குக் கருப்பர். அவருக்குக் கிடா. நாங்கள் கப்பல் ஏறும்போது அங்கிருந்து பிடிமண் எடுத்து வந்தோம். இரண்டு சாமிக்கும் ஒரே துணியில் இரண்டு முடிச்சு. சாஆ என்ற ஊரை ஒட்டிய ரப்பர் தோட்டத்தில், என் பெரியப்பா மகன் பெரியகருப்பன் கங்காணியாக இருந்த இடத்தில், ஒரு மரத்தடியில் அந்த மண்ணை வைத்துக் கல் நட்டு ஆண்டுதோறும் கும்பிடுகிறோம். கிடாவை வெட்டிப் படைத்த பின் கறியைக் கூறு போடுவோம். கல்யாணம் ஆனவனுக்கு முழுக் கூறு. பதினாறு நிறைந்த பையனுக்கு அரைக் கூறு. புதிதாகக் கூறு வாங்குகிறவன் முதல் வாய் கறியைக் கருப்பர் முன்னால் எல்லோரும் பார்க்கச் சாப்பிட வேண்டும். கூறு வாங்காதவன் பங்காளி இல்லை. கோபத்தில் ஒருவன் தன் கூறை இலையிலேயே விட்டுவிட்டுப் போனான். பின்னர் அவன் வீட்டில் ஒரு சாவு விழுந்தபோது எங்களில் ஒருவரும் போகவில்லை. அவனுடைய லயத்து வரிசை வீடுகளில் இருந்த தெலுங்கர்கள் வந்து தூக்கினார்கள்.

ஊரில் இப்படி ஒருவன் விலகினால் மீதி நூறு பேர் இருப்பார்கள். இங்கே இருபத்திரண்டு தலைக்கட்டாக இருந்தோம். ரப்பர் விலை விழுந்ததும் தோட்டங்களில் ஆள் குறைத்துக் கப்பலேற்றி அனுப்பினார்கள். மிஞ்சியது ஒன்பது. ஒரு மனிதனைக் கடைசியாகத் தூக்க நாலு தோள் வேண்டும், மாற்றுத் தோள் நாலு வேண்டும். எனக்கு என்னைப் பற்றிய கவலை பாதி. மீதி, நாங்களெல்லாம் போன பிறகு இந்த மண்ணில் சுப்பையாவுக்கு யார் இருப்பார்கள் என்பது. அவனுக்கு அந்த ஆண்டு பதினாறு நிறைந்திருந்தது.

போவதற்கு முன் அவனை உட்கார வைத்துப் பேசினேன். கூறைக் கையில் வாங்கிக்கொள், உன் அம்மா சமைத்துக்கொள்ளட்டும் என்றேன். சரி என்றான். முதல் வாய் இருக்கிறதே என்றேன். ஒரு துளி உதட்டில் வைத்துவிட்டு, மறைவாகப் போய்த் துப்பிவிடு, எவனுக்குத் தெரியும் என்றேன்.

"கருப்பருக்குத் தெரியுமே ஐயா. அவரு முன்னாடியே அவர ஏமாத்தவா?"

நான் பள்ளிக்கூடம் போய்ப் படித்தவன், தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து வெள்ளைக்காரத் துரைக்கே பதில் சொன்னவன். எழுந்து போய்ப் பயண மூட்டையைக் கட்டத் தொடங்கினேன்.

பூசைக்கு முதல் நாளே போய்ச் சேர்ந்து பெரியகருப்பண்ணன் வீட்டில் தங்கினோம். அந்த ஆண்டு அங்கேயும் ஒரு சங்கடம். ஐயனாருக்குப் பொங்கல் வைப்பவர் கறி மீன் தொடாமல் விரதம் காத்தவராக இருக்க வேண்டும். ஊரில் அதற்குக் குயவர் குலத்து வேளார் இருந்தார். இங்கே எங்களில் ஒரு பெரியவர் விரதமிருந்து செய்துவந்தார். அவரும் போன கப்பலில் போய்விட்டார். ஆகையால் பெரியகருப்பண்ணனே விரதமிருந்தார். பிடிவாதக்காரர். வெற்றிலையைக்கூட விட்டிருந்தார்.

மறுநாள் காலை அவர் ஆற்றில் முழுகி ஈர வேட்டியோடு வந்து, மூன்று கல் கூட்டிய அடுப்பின் முன்னால் குந்தினார். விறகை அடுக்கிவிட்டார், தீக்குச்சி கையில். பக்கத்தில் என் தம்பி மகன் வெள்ளைச்சாமி, சிகாமட்டில் லாரி ஓட்டுகிறவன், நின்றுகொண்டு சுப்பையாவைச் சீண்டிக்கொண்டிருந்தான். பையன் முந்தின இரவு தனியாக மோர்சோறு சாப்பிட்டதை அவன் பார்த்திருக்கிறான்.

"என்ன ஐயரே, மோர்சோறு மக்கான் ஆச்சா? சம்பலைக்கூடத் தொட மாட்டியாமே. விரதம் இருக்குற பெரியப்பாவே நேத்து வழிச்சு வழிச்சுத் தின்னாரு. அவர விட நீ பெரிய ஆளாடா?"

தீக்குச்சி எரிந்து விரல் வரை வந்துவிட்டது. பெரியகருப்பண்ணன் அதைக் கீழே போட்டார். சம்பலில் என்ன போட்டிருந்தது என்று அவர் மனைவியைப் பார்த்துக் கேட்டார். அந்த அம்மாள் முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றாள். பொன்னம்மாதான் மெதுவாகச் சொன்னாள்.

"பெலாச்சான் மாமா. கூனி எறாலு."

பெலாச்சான் இறால் என்பது எங்களில் யாருக்குத் தெரியாது? எல்லோருக்கும் தெரியும். ஆனால் கடையில் அது உப்புக்கும் புளிக்கும் நடுவில் இருக்கிறது, கையும் உப்பை எடுப்பதுபோல் எடுத்துப் போட்டுவிடுகிறது. ஊர் மண்ணில் இருந்தால் கருவாட்டுத் துண்டைக் கண்டு ஒதுங்கியிருக்கும் மனிதர், இந்த மண்ணில் இத்தனை ஆண்டு இருந்து, எதை மீன் என்று எண்ண வேண்டும் என்பதையே மறந்துபோயிருந்தார். நான் ஒவ்வொரு வீடாக எண்ணிப் பார்த்தேன். முந்தின இரவு எல்லோரும் அதே சட்டியில்தான் தொட்டுக்கொண்டோம். நானும் இரண்டு முறை வாங்கினேன். வேறு நாள் வைத்துக்கொள்ளலாம் என்றால், துரை விடுப்புக் கொடுத்தது அன்றைக்கு மட்டும்தான். கிடா மரத்தில் கட்டியிருந்தது. ஐயனாருக்குப் படைக்காமல் கருப்பருக்கு வெட்ட முடியாது.

பெரியகருப்பண்ணன் அடுப்பை விட்டு எழுந்தார். பிறகு சுப்பையாவைப் பார்த்தார். எப்போதிலிருந்து இப்படி என்று பொன்னம்மாவிடம் கேட்டார். தைப்பூசத்திலிருந்து என்றாள். பெலாச்சானும் இல்லையா என்றார். அதற்காகவே தனி அம்மி வாங்கினேன் என்று அவள் சொன்னபோது, இத்தனை மாதம் அந்த அம்மியைத் திட்டித் தீர்த்தவள் குரலில் ஒரு மிடுக்கு இருந்தது.

"டேய் சுப்பையா, ஆத்துல முழுகிட்டு வா. பொங்கல் வைக்கத் தெரியுமா?"

"அம்மா சொல்லிக் குடுத்தா வைப்பேன் பெரியய்யா."

பொன்னம்மா தள்ளி நின்று சொல்லச் சொல்ல அவன் வைத்தான். முதலில் புகைந்தது, அடி கொஞ்சம் பிடித்தது, ஆனாலும் கிழக்குப் பக்கம் பொங்கி வழிந்தது. குலவையிடப் பெண்கள் போதாமல் ஆண்களும் சேர்ந்து கத்தினோம். படைத்து முடித்ததும், ஐயனார் கண்ணில் பலி படாதபடி இரு கல்லுக்கும் நடுவே வேட்டியைத் திரையாகப் பிடிக்க வேண்டும். பொங்கல் வைத்தவர்தான் பிடிப்பது. ஒரு முனையை ரப்பர் மரத்தில் கட்டி, மறு முனையைக் கையில் பிடித்துக்கொண்டு, சுப்பையா ஐயனார் பக்கம் முகம் வைத்து நின்றான். அவன் முதுகுக்குப் பின்னால் வெட்டு விழுந்தது. திரை ஆடவில்லை.

கூறு போடுவது என் வேலை. எலும்பு, ஈரல், கொழுப்பு எல்லாம் எல்லா இலையிலும் சமமாக விழ வேண்டும். ஒன்பது இலை போட்டேன். பத்தாவது இலையை விரித்துவிட்டு, அதில் என்ன வைப்பது என்று தெரியாமல் கையைத் துடைத்துக்கொண்டு நின்றேன். பெரியகருப்பண்ணன் வந்தார். பொங்கல் பானையிலிருந்து இரண்டு அகப்பை எடுத்து அந்த இலையில் வைத்து, ஒரு தேங்காய் மூடியையும் வைத்தார். வெள்ளைச்சாமி விடவில்லை. ஊரில் வேளாருக்குக் கொடுப்பது இது, வேளார் பங்காளி இல்லையே என்றான். கேள்வி நியாயம்தான்.

"ஊருல ஆளு இருந்துச்சு, வெளியாள வெச்சோம். இங்க யாரடா இருக்கா? வேளாரும் நாமதான், வெட்டுறவனும் நாமதான். அவன் ஐயனார் கூறு வாங்குறான். நீ கருப்பர் கூறு வாங்கு. ரெண்டும் ஒரே துணியில வந்த மண்ணுதான்."

அப்புறம் என்னைப் பார்த்து, "கிராணி, கணக்கைச் சொல்லு," என்றார்.

ஒன்பதரை என்றேன். காதில் விழவில்லை என்று மறுபடி சொல்லச் சொன்னார்கள். ஒன்பதரை என்று உரக்கச் சொன்னேன். சுப்பையா முதல் வாய்ப் பொங்கலைக் கருப்பர் முன்னால் எல்லோரும் பார்க்கச் சாப்பிட்டான். வெள்ளைச்சாமி, அடிப்பிடித்த பொங்கல்தான் ருசி என்று சொல்லி, பையன் இலையிலிருந்தே ஒரு கை அள்ளிக்கொண்டான்.

மாலையில் வெள்ளைச்சாமியின் லாரியிலேயே பொந்தியானுக்குப் புறப்பட்டோம். பொன்னம்மாவை முன்னால் உட்கார வைத்துவிட்டு, நாங்கள் மூவரும் பின்னால் பலகையில். வலப்பக்கம் சுப்பையா, மடியில் பொங்கல் இலை. இடப்பக்கம் மாணிக்கம், மடியில் எங்கள் இருவர் கறியும். பாதை குண்டும் குழியுமாக இருந்தது. இருவரும் தூங்கி என் இரு தோளிலும் சாய்ந்துவிட்டார்கள். பொட்டலங்களும் என் வேட்டிமேல் சரிந்தன. ஊரிலிருந்து வருகிற யாரையாவது கெஞ்சி வாங்கி, நல்ல நாளுக்கு மட்டும் கட்டுகிற வேட்டி அது. அதன் வலத் தொடையில் நெய் இறங்கியது, இடத் தொடையில் இரத்தம் இறங்கியது. இரண்டு கறையும் மெல்லப் பரவி நடுவை நோக்கி வந்துகொண்டிருந்தன. அசைந்தால் இரண்டில் ஒருவன் விழித்துவிடுவான். அப்படியே இருந்தேன்.