காத்தாடி நின்ன ஹெலிகாப்டர்

கல்யாண போட்டோகிராபர் தொழில்ல ஒரு சவுகரியம் உண்டு: தாலி கட்டுறப்ப க்ளிக் தப்பிப்போச்சுன்னா, "மாப்ள, கையை அப்படியே வைங்க"ன்னு சொன்னா வைப்பாரு, போர் விமானம் வைக்காது. வானத்தைப் பாத்துப் பாத்துக் கழுத்து சுளுக்கி, மெமரி கார்டு நிறைய வெறும் நீல வானத்தோட வீடு திரும்பினவங்க யாராச்சும் இருந்தா வாங்க, நாம ஒரே பந்தியில உக்கார வேண்டியவங்க.

பாண்டி முதலியார்பேட்டையில இருபத்திரண்டு வருஷமா ஸ்டுடியோ வெச்சிருக்கேன். விமானத்துக்கும் எனக்கும் சம்பந்தம் உண்டானதே என் பொண்ணு சங்கவியாலதான். விமானப்படையில ஹெலிகாப்டர் பிரிவுல இன்ஜினியரிங் ஆபீசர். அவ ஓட்ட மாட்டா. ஒவ்வொண்ணையும் சோதிச்சு, இது பறக்கலாம்னு கையெழுத்துப் போடுவா. இந்த ஒரு விஷயத்தை நான் ஊர்ல ஒழுங்கா சொல்லியிருந்தா இவ்வளவு கூத்தும் நடந்திருக்காது.

சத்தம் வந்த பக்கம்

சென்னைக் கடற்கரையில விமான சாகசம். சங்கவியோட ஹெலிகாப்டரும் வருதுன்னு தெரிஞ்சதும் இருக்கிற லென்ஸ்லயே பெரிய லென்ஸை எடுத்துக்கிட்டு பஸ் ஏறிட்டேன். மணல்ல கால் வைக்க இடமில்ல, வெயில் மண்டையப் பொளக்குது. முதல்ல ஜெட் விமானம். இடது பக்கம் இடி மாதிரி சத்தம். திரும்பினேன், ஒண்ணுமில்ல. ஜனமெல்லாம் வலது பக்கம் கை தட்டுது! அந்தப் பக்கம் திரும்பினா, சத்தம் தலைக்கு மேல. விமானம் போனப்புறம்தான் சத்தமே வரும்ங்கிறது அப்ப எனக்குத் தெரியாது. மேளம் கேட்ட பக்கம் திரும்பியே பழகினவன் நான்.

நாப்பது படம் எடுத்திருந்தேன். ஒண்ணுல மட்டும் ஓரத்துல ஒரு வால் இருந்துச்சு. பக்கத்துல நீள லென்ஸோட நின்ன ஒருத்தர் என் கேமராவை எட்டிப் பாத்தாரு. எந்த ஊருன்னு கேட்டாரு, சொன்னேன். "ஏன் சார், வானத்தை எடுக்கவா பாண்டியிலேருந்து வந்தீங்க? அது அங்கயும் இருக்குமே!"

எது உன்னுது?

அப்புறம் ஹெலிகாப்டர் வந்துச்சு. ஒண்ணில்ல, நாலு. நாலும் ஒரே அச்சு. இதுல என் பொண்ணோடது எதுன்னு நான் யாரைக் கேக்க? கல்யாணத்துல மணப்பொண்ணு யாருன்னு மாலையைப் பாத்தாத் தெரியும், இங்க அந்த வசதியும் இல்ல. முதல்ல வந்ததையே விடாம எடுத்தேன். கடவுள் புண்ணியத்துல ஒண்ணு பளிச்சுன்னு விழுந்துச்சு.

சாயந்திரம் போன் போட்டேன். "முதல்ல வந்ததைத்தாம்மா எடுத்தேன். அதானே உன்னுது?"

அவ சொன்னதைக் கேட்டு இன்னும் குழம்பிட்டேன். "நாலும் என்னுதுதாம்பா. நாலும் திரும்பி வந்துடுச்சு, இப்பத்தான் சாப்பிடவே உக்காந்தேன்."

சுவத்துல மாட்டினது

அந்தப் படத்தைப் பெருசாப் போட்டு, ஃபிரேம் பண்ணி, ஸ்டுடியோ சுவத்துல மாட்டினேன். கல்யாண ஆர்டர் குடுக்க வந்த ஒரு பொண்ணோட அம்மா பாத்துட்டு, "உங்க பொண்ணுதான் இதை ஓட்டுதா?"ன்னு கேட்டாங்க. ஆமான்னு என் தலை தானா ஆடிடுச்சு. ரிப்பேர் பாக்குற வேலைன்னு நினைச்சிடுவாங்களோன்னு ஒரு கூச்சம். வெக்கத்தை விட்டுச் சொல்றேன், அதேதான் காரணம். தலையாட்டினதோட விட்டேனா? படத்துக்குக் கீழ 'விமானி சங்கவியின் ஹெலிகாப்டர்'னு எழுதியும் ஒட்டிட்டேன்.

பக்கத்துல உப்பளம் ஏரியாவுலேருந்து முசியே பியேர் பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்தாரு. பிரெஞ்சு ராணுவத்துல இருந்து பென்ஷன் வாங்குறவர், 'ஐயா'ங்கிறதுக்கு 'முசியே'ம்பாரு. படத்துக்கிட்டப் போய், கண்ணாடியைக் கழட்டி மாட்டி, ரொம்ப நேரம் பாத்தாரு. அப்பத்தான் எனக்கே உறைச்சுது. கல்யாணத்துல அட்சதை அந்தரத்துல நிக்கிற மாதிரி எடுக்க ஷட்டரை வேகமா வைப்பேன். அதே பழக்கத்துல இதையும் எடுத்ததால, மேல சுத்துற காத்தாடி அசையாம அப்படியே நிக்குது. முசியே என் தோளைத் தொட்டாரு. "மோந்தியே, கடவுளே! காத்தாடி நின்னு போச்சே முசியே. அப்புறம் பொண்ணு பத்திரமா இறங்குச்சா?"

ரெண்டாவது முயற்சி

இதைச் சரி பண்ணலன்னா தூக்கம் வராது. ரெண்டு மாசம் கழிச்சு சங்கவியோட விமானப்படைத் தளத்துல குடும்பத்தாரைக் கூப்பிட்டிருந்தாங்க. ஒரு மைதானத்துல நின்னு படமும் எடுத்துக்கலாம். இந்தத் தடவை காத்தாடி சுத்துற மாதிரி தெரியணும்னு ஷட்டரை மெதுவா வெச்சேன். காத்தாடி சுத்துச்சு, ஹெலிகாப்டரும் சேந்து சுத்துச்சு, பின்னாடி இருந்த மரமும் சுத்துச்சு. சங்கவி ஒரு ஹெலிகாப்டருக்கு அடியில மல்லாந்து படுத்து டார்ச் அடிச்சுப் பாத்துக்கிட்டிருந்தா. அதை மட்டும் நான் எடுக்கல. இதை எடுத்து எங்க மாட்டுறதுன்னு தோணுச்சு.

வீட்டுக்காரி வள்ளி என் படத்தையெல்லாம் ஒண்ணொண்ணாத் தள்ளிப் பாத்தா. "ஏங்க, இது ஹெலிகாப்டரா, கொடியில காயுற உங்க லுங்கியா?"

லீவுல வந்தப்ப

சங்கவி லீவுல வந்தா. படத்தைக் கழட்டி வைக்கணும்னு நினைச்சு நினைச்சு மறந்துட்டேன். அவ ஸ்டுடியோவுல கால் வைக்கவும், ஆல்பம் வாங்க அதே அம்மா வரவும் சரியா இருந்துச்சு. "நீதானம்மா இதை ஓட்டுற பொண்ணு?"

சங்கவி படத்தைப் பாத்தா, கீழ எழுதியிருந்ததைப் படிச்சா. அவ முகம் வாடிப்போச்சு. பெத்தவனே அவ வேலையை மறைச்சு வெச்சிருக்கானேன்னு அவளுக்குத் தோணாம இருக்குமா? அந்தம்மாகிட்ட, "நான் ஓட்டலைங்க, சோதிச்சு அனுப்புறது என் வேலை"ன்னு நிதானமாச் சொன்னா. மறுபடி படத்தைப் பாத்து, "காத்தாடி சுத்தாம ஒண்ணு பறந்துச்சுன்னா முதல்ல என்னைத்தாம்பா கூப்பிட்டுக் கேப்பாங்க"ன்னு சிரிச்சா. சிரிச்சாலும் கண்ணு கலங்கியிருந்துச்சு.

"தப்புதாம்மா"ன்னேன்.

அவ ஃபிரேம்ல படிஞ்சிருந்த தூசியைக் கையால துடைச்சா. "யாரு ஓட்டுனான்னு கேட்டா பைலட் பேரைச் சொல்லுப்பா. ஏன் விழலன்னு கேட்டா என் பேரைச் சொல்லு."

அன்னைக்கே கீழ ஒட்டினதைக் கிழிச்சு 'சங்கவி கையெழுத்துப் போட்டு அனுப்பியது'ன்னு மாத்தி ஒட்டிட்டேன். அந்தக் காத்தாடியைத்தான் இன்னும் சுத்த வைக்க முடியல.