பெயரில்லாத இலக்கம்

சாம்பல்தீவிலிருந்து நாள்தோறும் திருகோணமலைப் பட்டினத்துக்கு வந்துபோக ஒரு சாட்டு வேண்டும் என்றுதான் புஸ்பராணி கணினி வகுப்பில் சேர்ந்தாள். வேலை கிடைக்கும் என்று அவள் எண்ணியிருக்கவில்லை. சுனாமிக்குப் பிறகு நிவாரண அமைப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து கந்தோர் திறந்தபோது, அட்டவணை போடத் தெரிந்தவர்களைத் தேடினார்கள். அப்படித்தான் துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு சின்னக் கந்தோரில் அவளுக்கு ஒரு மேசையும் கதிரையும் கிடைத்தன.

2006இல் சண்டை மறுபடியும் மூண்டது. கொட்டியாரக் குடாவுக்கு அப்பால், ஈச்சிலம்பற்றுப் பக்கத்துப் பாதைகள் அடைபட்டன. கடும் நோயாளிகளை மட்டும் அமைப்பின் கொடி கட்டிய படகில் இலங்கைத்துறையிலிருந்து பட்டினத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர அனுமதி இருந்தது. படகு புறப்படும்போதே, வருகிறவர்களின் பெயர், வயது, நோய், ஐசி எனப்படும் அடையாள அட்டையின் இலக்கம் எல்லாம் கடற்படைக்குப் போய்விட வேண்டும். அந்தப் பட்டியல் புஸ்பராணியின் பொறுப்பு. ஓர் எழுத்து மாறினாலும் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவளுடைய அண்ணனை அப்படியொரு எழுத்துக்காக ஒரு சோதனைச்சாவடியில் இறக்கி, வாரக்கணக்கில் வீட்டுக்கு விடாமல் வைத்திருந்தார்கள்.

ஐப்பசியில் ஒரு காலை, படகு புறப்படும் நேரத்தில் இலங்கைத்துறையிலிருந்து வானொலிக் கருவியில் செய்தி வந்தது. சிறுநீரக நோயாளி தம்பிராசா இறந்துபோனார், பெயரை எடுத்துவிடுங்கள். பட்டியலைக் கேட்டுக் கடற்படையிலிருந்தும் தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. புஸ்பராணி அவசரமாக அட்டவணையைத் திறந்து, தம்பிராசாவின் பெயரையும் வயதையும் நோயையும் சேர்த்துத் தெரிவுசெய்து அழித்தாள். கீழே இருப்பவற்றை மேலே நகர்த்தவா என்று கணினி கேட்டது. சம்மதம் கொடுத்தாள். கீழிருந்த பெயர்கள் ஒவ்வொரு கட்டம் மேலேறி இடைவெளியை மூடின. பார்வைக்கு ஒழுங்காகத்தான் இருந்தது. அச்செடுத்துத் தொலைநகலில் அனுப்பிவிட்டுத் தண்ணீர் குடித்தாள்.

வெயில் ஏறிய பிறகு, நோயாளிகளை வாகனத்தில் ஏற்றப் போயிருந்த சாரதி அஸீம், அவள் அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடுபவர், பட்டினத்து இறங்குதுறையிலிருந்து தொலைபேசியில் பேசினார்.

"தங்கச்சி, இஞ்ச பெரிய பிரச்சினை. மேல உள்ள கொஞ்சப் பேர்ர ஐசி நம்பர்தான் சரி. அதுக்குக் கீழ ஒருத்தர்ர நம்பரும் சரிவருதில்ல. கடைசியில பேரில்லாத ஒரு நம்பரும் நிக்குது. ஒராள் கடலுக்குள்ள குதிச்சிட்டான் எண்டு நேவி சந்தேகப்படுது. ஒருத்தரையும் இறக்க விடுறானுகள் இல்ல."

"பிள்ளைப்பேற்று நோவோட ஏத்தின அந்தப் பிள்ளைத்தாச்சி?"

"பிள்ளை பிறந்திட்டு. ரெத்தம் நிக்குதில்ல. தாயைக் கிடத்தி வெச்சிருக்கிறாங்க."

புஸ்பராணி அட்டவணையை வலது பக்கம் நகர்த்திப் பார்த்தாள். திரைக்கு வெளியே இருந்த அடையாள அட்டை இலக்கங்கள் அசையாமல் பழைய இடத்திலேயே நின்றன. பெயர்கள் மட்டும் ஏறியிருந்தன. தம்பிராசாவின் இலக்கம் வேறொருவரின் பெயருக்கு நேரே இருந்தது.

பொறுப்பாளர் சிவகுருநாதனிடம் ஓடினாள். "சேர், பிழை என்னுடையது. நான் முழு வரியையும் அழிச்சிருக்க வேணும்."

"திருத்தி மறுபடி அனுப்பும்."

"இப்ப புதுசா ஒண்டு போனால் கள்ள லிஸ்ட் எண்டு நினைப்பினம். நான் நேர போய்ச் சொல்லுறன்."

"என்ன கதை இது? உம்மைப் பிடிச்சு வச்சால் நான் ஆருக்குச் சொல்லுறது? கொழும்பைக் கேட்டிட்டு முடிவெடுப்பம்."

"அதுக்கிடையில அந்தத் தாய் செத்துப்போவா, சேர்."

அவர் கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தார். அவளைத் தடுக்கவில்லை. அவள் ஆட்டோ பிடித்தாள்.

இறங்குதுறையில் படகு கட்டப்பட்டிருந்தது. துவக்கு ஏந்திய இருவர் அதன் முன்னால் நின்றார்கள். ஒரு சுழியோடி படகின் அடியைத் தடவிவிட்டு மேலே வந்தான். நோயாளிகள் தலையில் துணியைப் போட்டபடி வெயிலில் இருந்தார்கள். அவர்களுக்கிடையே எங்கோ அந்தப் பச்சைப் பிள்ளை கத்தியது.

இளம் அதிகாரி ஒருவர் பட்டியலோடு நின்றார். அவர் சிங்களத்தில் கேட்டதை அஸீம் தமிழில் சொன்னார்.

"ஆரைக் காணேல்ல எண்டு கேக்கிறார்."

"ஒருத்தரும் காணாமல் போகேல்லை, அஸீம் நானா. ஒராள் செத்திட்டார். அவற்ற பெயரை எடுக்கேக்க நான்தான் பிழை விட்டனான்."

அதிகாரியின் முகம் இறுகியது. அவர் கேட்டதை அஸீம் சொன்னார். "செத்தார் எண்டதுக்கு என்ன அத்தாட்சி? இப்பத் திருத்தின இன்னொரு லிஸ்டைக் கொண்டுவந்து நம்பச் சொல்லப் போறீங்களா எண்டு கேக்கிறார்."

"வேண்டாம். அவற்ற கையில இருக்கிறதையே பாக்கச் சொல்லுங்கோ. இதில இருந்து ஒவ்வொருவற்ற நம்பரும் ஒரு வரி கீழே நிக்குது." அவள் தாளில் தம்பிராசாவின் இலக்கம் நின்ற வரியைத் தொட்டுக் காட்டினாள். துவக்குக்காரன் ஒருவன் முன்னால் வந்தான். அதிகாரி கையசைத்து அவனை நிறுத்தினார்.

அவர் ஓர் அட்டையை வாங்கி, அடுத்த வரியின் இலக்கத்தோடு பார்த்தார். சரியாக இருந்தது. இன்னொன்று. அதுவும் சரி. ஒவ்வொன்றாக வந்து கடைசி நோயாளியின் அட்டை, பெயரில்லாமல் நின்ற இலக்கத்தோடு பொருந்தியது. புஸ்பராணிக்கு மூச்சு வந்தது. ஆனால் அவர் நிமிரவில்லை. சொந்தக்காரர் இல்லாமல் ஓர் இலக்கம் இன்னும் மிச்சம் இருந்தது. தம்பிராசாவுடையது.

"இந்த ஆள் உயிரோட எங்கயோ இறங்கியிருந்தால் எண்டு கேக்கிறார்."

புஸ்பராணி படகில் இருந்தவர்களைத் திரும்பிப் பார்த்தாள்.

படகில், காலில் ஷெல் காயத்துக்குக் கட்டுப் போட்டிருந்த கமலாதேவி என்ற பெண் மெல்லக் கை உயர்த்தினாள். சேலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்து ஓர் அடையாள அட்டையை எடுத்தாள்.

"அவர் எங்கட பக்கத்து வீடு. விடியக்காலமை சீவன் போயிற்று. மகளிட்டக் குடுக்கச் சொல்லித் தந்துவிட்டவை. மற்றாள்ற ஐசி வச்சிருந்தால் பிடிப்பினமெண்டு பயத்தில சொல்லாமல் இருந்தனான், ஐயா."

அஸீம் அதைச் சிங்களத்தில் சொல்ல, அதிகாரி அட்டையை வாங்கி மிச்சமிருந்த இலக்கத்தோடு ஒப்பிட்டார். படத்தையும் பார்த்தார், கமலாதேவியையும் பார்த்தார். பிறகு அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வழிவிடும்படி துவக்குக்காரர்களுக்குச் சொன்னார்.

முதலில் அந்த இளம் தாயை இறக்கினார்கள். அஸீம் வாகனத்தைக் கிளப்பினார். கமலாதேவியைத் தூக்கிப் போகும்போது அவள் அட்டையைப் புஸ்பராணியின் கையில் திணித்தாள்.

"மகள் கேற்றடியில நிப்பாள். தகப்பன் வாறாரெண்டுதான் செய்தி போனது. எனக்குச் சொல்ல ஏலாது, பிள்ளை."

வெளிவாயிலில் சனம் திரண்டிருந்தது. சுடுதண்ணீர்ப் போத்தலும் தோளில் மாற்றிக்கட்ட ஒரு சாரமுமாக ஒரு பெண் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். புஸ்பராணி அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். என்ன சொன்னாள் என்று பிறகு அவளுக்கே நினைவில்லை. அட்டையைக் கண்டதும் அந்தப் பெண் வாய்விட்டு அழவில்லை. "காலமை அவருக்கெண்டு கஞ்சி வச்சனான்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். அவளை ஆட்டோவில் வீட்டில் விட்டுவிட்டுத்தான் புஸ்பராணி கந்தோருக்குத் திரும்பினாள்.

இளம் தாய் பிழைத்தாள். இரத்தம் ஏற்றி, பல நாட்கள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பினார்கள். புஸ்பராணியைக் கடற்படை முகாமுக்கு இரண்டு தடவை அழைத்து விசாரித்தார்கள். ஒவ்வொரு தடவையும் அண்ணன் வாசலில் காத்து நின்றான். கொழும்புத் தலைமையகம் அவளை எழுத்தில் எச்சரித்தது. சிவகுருநாதன் அவளை வேலையிலிருந்து எடுக்கவில்லை.

அடுத்த படகுக்கு முன் அவள் அவரிடம் ஒன்று கேட்டாள். "சேர், ஒராளின்ர பெயரை எடுக்கச் சொன்னால், பட்டினத்தில அவருக்கு ஆர் இருக்கினம் எண்டும் கேட்டுச் சொல்லுங்கோ."

"அது எங்கட வேலை இல்லையே, பிள்ளை."

"ஓம் சேர். ஆனால் கேற்றடியில ஆரோ நிப்பினம்."

அவர் வானொலிக் கருவிக்குப் பக்கத்தில் இருந்தவனைக் கூப்பிட்டு, இனி அதையும் கேட்கச் சொன்னார்.