பேசாத ஆட்டத்தில் ஒரு கெட்டிமேளம்

பெக்கோக் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியை அந்த வருஷம் நான் மனசுக்குள் வைத வசவு கொஞ்சநஞ்சமல்ல. மனிதர் சிங்கப்பூர் போன இடத்தில் வெள்ளைக்காரர்களின் பாலே ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். "வாயத் தொறக்காமலே முழுக் கதையும் ஆடிக் காட்டிடுறாங்க. நம்ம திருவிழாவுக்கும் அப்படி ஒண்ணு போடலாம்," என்றார். அதற்கு அவர் பிடித்த கதை என் அப்பாவுடையது.

அப்பா காலையில் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுப்பார். சுற்றுவட்டாரத்தில் கல்யாணம் என்றால் நாயனம் வாசிப்பார். ஒரு மழை நாளில் சரிவில் வழுக்கி விழுந்து முன்பற்கள் போய்விட்டன. அப்படியும் விடாமல் சிகாமட்டில் ஒரு கல்யாணத்துக்கு வாசிக்கப் போனார். தாலி கட்டும் நேரத்தில் ஊதிய காற்றெல்லாம் பல்லிடுக்கில் போய், நாயனம் ஊமையாகிவிட்டது. தவில்காரரும் திகைத்து நின்றுவிட, கெட்டிமேளம் இல்லாமலே தாலி ஏறியது. அபசகுனம் பண்ணிவிட்டதாக நினைத்து, அப்பா அதன்பிறகு எந்த மணவறைப் பக்கமும் போகவில்லை. எனக்கு நிச்சயமானபோதும், "உன் சித்தப்பா நின்னு நடத்தி வைப்பான். நான் வேணாம்மா," என்று முடித்துவிட்டார்.

கிராணியிடம் போய்க் கெஞ்சினேன். "அந்தக் கல்யாணக் காட்சிய மட்டும் எடுத்துடுங்கய்யா."

"அது இல்லாட்டி கதை ஏதும்மா?" என்றார்.

திருவிழாவன்று சாயங்காலம், தினமும் காலையில் எங்களுக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் ஆட்டம். மணப்பெண் வேஷத்துக்கு ஒருவர் மீசையைத் தியாகம் செய்திருந்தார். அப்பாவைக் கிராணி முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார். எனக்குத் தலை நிமிரவே தைரியமில்லை.

மாப்பிள்ளையாக ஆடியவர் மஞ்சள் கயிற்றைத் தூக்கினார். கதைப்படி இப்போது எல்லாச் சத்தமும் நிற்க வேண்டும். ஆட்டத்துக்கு வாசித்த தவில்காரர் குச்சியை மடியில் வைத்துக்கொண்டார். களம் அடங்கிப்போனது.

எங்கள் பெண்களுக்கு அது பொறுக்கவில்லை. கட்டுகிறவரும் ஆண், கட்டிக்கொள்கிறவரும் ஆண், கயிறும் சும்மாக் கயிறு. இருந்தாலும் தாலி ஏறும்போது மேளம் இல்லாமல் இருக்கலாமா? பின்னாலிருந்து ஒரு அக்கா குலவையிட்டார். அவரைத் தொடர்ந்து பெண்கள் கூட்டமே குலவையிட்டது. அப்பா சட்டென்று எழுந்து, கையைத் தூக்கி, ஆள்காட்டி விரலை வேகமாக ஆட்டினார். விரல் ஆடினால் கெட்டிமேளம் கொட்டியே பழகிய தவில்காரர் கதையை மறந்து வெளுத்து வாங்கிவிட்டார்.

"என்னண்ணே, கதையே கெட்டுப்போச்சே," என்று கிராணி தலையில் கைவைத்தார்.

"கை சும்மா இருக்க மாட்டேங்குதுய்யா," என்று அப்பா சிரித்தார். பல் போனபிறகு அவர் வாயைப் பொத்தாமல் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

வைத மனசாலேயே இன்றுவரை அந்தக் கிராணியை வாழ்த்திக்கொண்டிருக்கிறேன். வந்த தை மாதம் எனக்குக் கல்யாணம். கழுத்தில் தாலி ஏறும்போது குனிந்த தலையோடு ஓரக்கண்ணால் பார்த்தேன். மணவறையில் என் பக்கத்தில் நின்று அப்பா விரலை ஆட்டிக்கொண்டிருந்தார்.