தேர் முனையில் கற்ற பாடம், முட்டுக்காட்டுத் தண்ணீரில்

இதை எழுத நான்கு வருடம் தயங்கினேன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன். மயிலாப்பூர் மாட வீதி முனையில் பூஜை சாமான் கடை வைத்திருக்கிறேன். சுவாமி கொடுத்ததைச் சொன்னால் பெருமை பேசியதாகுமோ என்று பயம். நடந்ததை நடந்தபடி சொன்னால் என் அசட்டுத்தனத்தையும் சொல்ல வேண்டுமே என்ற கூச்சம் அதைவிடப் பெரியது.

பெருவெள்ளம் வந்தபோது கோட்டூர்புரத்தில் குடியிருந்தோம். அடையாற்றுத் தண்ணீர் மாடிப்படி ஏறிக்கொண்டிருக்க, மீனவர்கள் படகில் வந்து என்னையும் மனைவி கோமதியையும் இறக்கிக்கொண்டு போனார்கள். அவர்கள் பேரைக் கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. அன்று கபாலியிடம் வேண்டிக்கொண்டேன்: இன்னொரு வெள்ளம் வந்தால் படகு ஓட்டிப் போகிறவர்களில் நானும் ஒருவனாக இருக்க வேண்டும்.

பிறகு எங்கள் பகுதியில் வெள்ள உதவிக்கென்று ஒரு குழு சேர்ந்தது. இரட்டை எஞ்சின் படகு ஓட்டப் பழக ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது. ஆளுக்கு மூன்று வாய்ப்பு. ஒரு தடவையாவது இடிக்காமல் படகைத் துறையில் அணைத்துவிட வேண்டும். முடியாதவர்கள் கரையில் சாப்பாட்டுப் பொட்டலம் கட்டலாம். அதுவும் புண்ணியம்தான். ஆனால் நான் வேண்டிக்கொண்டது அது இல்லையே.

காலை ஐந்தரைக்குக் கோயில் வாசலில் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினேன். "மொபெட்டையே சுவத்துல சாச்சுத்தான் நிறுத்துவீங்க. பாத்து" என்று கோமதி வழியனுப்பினாள். கூட வந்தவர் இராயப்பேட்டையில் தையல் கடை வைத்திருக்கும் மீரான் பாய். திருவான்மியூர் வரை ஒரு பஸ், அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் இன்னொன்று. முட்டுக்காடு ஏறக்குறைய இருபத்தெட்டு கிலோமீட்டர். நடுவில் பதினைந்து ரூபாய்க்கு டீ.

ஏழேகால் மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். பாலத்துக்கு இந்தப் பக்கம் உப்பங்கழி தாம்பாளத்தில் ஊற்றிய தண்ணீர் போல அசையாமல் கிடந்தது. நாரைகள் ஒற்றைக் காலில் நின்றன. கற்றுக்கொடுக்க வந்தவர் பட்டினப்பாக்கத்து மீனவர் சேகர். என்னைவிட இருபது வயது இளையவர். நீச்சல் தெரியுமா என்று கேட்டார். சின்ன வயதில் கிணற்றில் பழகியது என்றேன். "கெணத்துல கரை நாலு பக்கமும் கீது நைனா" என்று சொல்லி, மிதவைச் சட்டையின் வாரை இன்னும் ஓர் இழுப்பு இழுத்து இறுக்கினார்.

படகின் பின்னால் இரண்டு எஞ்சின். ஓட்டுகிறவன் முன்னால் ஒரு ஸ்டியரிங், பக்கத்தில் எஞ்சினுக்கு ஒன்றாக இரண்டு லீவர். தள்ளினால் முன்னே போகும், இழுத்தால் பின்னே, நடுவில் நிறுத்தினால் நியூட்ரல்.

முதல் தடவை, துறை நெருங்கியதும் என் வலது கால் பிரேக்கைத் தேடியது. படகுக்கு ஏது பிரேக்? துறையில் கட்டியிருந்த டயரில் போய் மோதினோம்.

"ஹாரனாவது அடிச்சிருக்கலாமேண்ணே" என்றார் மீரான் பாய். அவர் இரண்டாவது தடவையிலேயே அழகாக அணைத்துவிட்டார்.

என் இரண்டாவது தடவை நன்றாகத்தான் போனது. துறைக்குப் பத்தடி இருக்கும்போது சவுக்குமரங்களுக்குப் பின்னால் ஏதோ அம்மன் கோயிலில் மணி அடித்தது. அவ்வளவுதான். லீவரை விட்டு என் இரண்டு கையும் கன்னத்துக்குப் போய்விட்டன. ஐம்பது வருடப் பழக்கம். படகு இடித்த வேகத்தில் மீரான் பாய் பலகையிலிருந்து சரிந்து கீழே உட்கார்ந்துவிட்டார்.

சேகர் கோபப்படவில்லை. "கும்புடு நைனா, வாணாங்கல. ரெண்டையும் நியூட்ரல்ல போட்டுட்டுக் கும்புடு."

பத்தரைக்கு இட்லி தின்ன உட்கார்ந்தோம். எனக்கு இன்னும் ஒரே வாய்ப்பு. சேகர் இரண்டு டம்ளரை எடுத்து வைத்து விளக்கினார்: கிட்டே வந்துவிட்டால் ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது, வலது எஞ்சின் முன்னே, இடது பின்னே. "தல எந்தப் பக்கம் திரும்பும், சொல்லு?"

டம்ளர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டென்று என் கடை வாசல் நினைவுக்கு வந்தது. பங்குனித் தேர் திரும்புகிற முனை அது. வருடா வருடம் பார்க்கிறேன். இடது பக்கம் திரும்ப இடது சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுப்பார்கள். வலது சக்கரம் மட்டும் உருளும். அவ்வளவு பெரிய தேர் நின்ற இடத்திலேயே முகம் திருப்பும்.

"இடது சக்கரத்துக்குக் கட்டை. தேர் இடது பக்கம் திரும்பும்" என்றேன்.

"இன்னாது, தேரா?" நான் விளக்கியதும் சிரித்தார். "அதே தான். கட்டைக்குப் பதிலா ரிவர்ஸு."

பதினொன்றேகாலுக்கு மூன்றாவது தடவை. கடல் காற்று ஆரம்பித்துப் படகைத் துறையை விட்டுத் தள்ளியது. வேகத்தைக் குறைத்தேன். இடதுக்குக் கட்டை, வலதுக்கு வடம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே ஒரு கையால் இழுத்து மறு கையால் தள்ளினேன். படகு மெல்ல முகம் திருப்பிப் பக்கவாட்டாக டயரை ஒட்டி நின்றது. சத்தமே இல்லை. சேகர் தாவிக் கயிற்றைக் கட்டினார்.

இரண்டு லீவரையும் நியூட்ரலில் போட்டேன். அப்புறம்தான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

மூன்று மணிக்கு மாட வீதி வந்துவிட்டேன். தேர் திரும்புகிற முனையில் ஓர் ஆட்டோ திரும்பிக்கொண்டிருந்தது. தினமும் பார்க்கிற இடம்தான். அன்று செருப்பைக் கழற்றிவிட்டுத் தாண்டினேன்.

அடுத்த மழைக்காலத்தில் ஆற்றோரத் தெரு ஒன்றிலிருந்து ஏழு பேரை நானும் மீரான் பாயும் ஏற்றி வந்து இறக்கினோம். அவர்களில் யாரும் என் பேரைக் கேட்கவில்லை. மனசு நிறைந்துவிட்டது.

படிக்கிறவர்கள் இதை நாலு பேருக்குக் கொடுங்கள். ஒரு வரியும் மாற்ற வேண்டாம். முக்கியமாக, கும்பிடப் போய் இடித்ததை மரியாதைக்காக எடுத்துவிடாதீர்கள். என்னைப் போல ஒருவர் எங்கேயோ லீவரைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். அவர் காதிலும் கோயில் மணி விழும்.